கைப்பேசிச் சோதனைக் கருவிகளும் ‘பிங்’ விசாரணையும்

திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தொழிற்பயிற்சி நிலையப் படிப்பையோ டிப்ளமாவையோ முடித்த இளைஞர் வேலை தேடிப் புறப்படுவாரானால் அவர் முன் இரண்டு திசைகள் உள்ளன. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் அதற்கு அருகே தேர்வாய் கண்டிகையும் இருக்கின்றன. தெற்கே மாவட்ட எல்லையைக் கடந்தால் ஸ்ரீபெரும்புதூரும் சுங்குவார்சத்திரமும் வருகின்றன. வடக்கே இரும்பு, டயர் முதலிய கனத்த தொழில்கள். தெற்கே கைப்பேசித் தொழில். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய உற்பத்தி 2014 நவம்பரில் நின்றுபோயிற்று. ஆயினும் தொழில் அவ்வட்டாரத்தை விட்டு அகலவில்லை. வேறு பெரிய நிறுவனங்கள் வந்து இன்றும் அங்கே கைப்பேசிகளைச் செய்து வருகின்றன. அந்தக் கூடங்களில் நம் கிராமத்துப் பெண்கள் பெருந்தொகையினராக வேலை செய்கிறார்கள் என்பது வாசகர்கள் அறிந்ததே.

அங்கே சோதனை மேஜையில் நிற்கப் போகிறவர்களுக்காக இப்பாடம் எழுதப்படுகிறது. ஊராட்சி அலுவலகத்தில் கணினியைக் கவனித்து வருவோரும், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் எடைமேடை, உலை முதலியவற்றின் கட்டுப்பாட்டுக் கணினிகளோடு பழகுவோரும் இதைப் படிக்கலாம். கருவிகள் வேறானாலும் விசாரிக்கும் முறை ஒன்றே.

பெட்டிக்குள் ஒரு கோபுரம்

கைப்பேசி கடைக்குப் போகுமுன், அது கோபுரத்துடன் பேச வல்லதா என்று பார்த்தாக வேண்டும். ஊரிலுள்ள உண்மையான கோபுரத்தைக் கொண்டு இதைச் சோதிப்பது பொருந்தாது. அந்தச் சைகையின் பலம் மணிக்கு மணி மாறும். நேற்றைய முடிவையும் இன்றைய முடிவையும் ஒப்பிட வழியில்லை. ஆதலால் கோபுரத்தைப் போலவே நடிக்கும் ஒரு கருவியை மேஜைமேல் வைக்கிறார்கள். ஜெர்மனியின் ரோடே அண்டு ஷ்வார்ஸ், ஜப்பானின் அன்ரிட்சு, அமெரிக்காவின் கீசைட் ஆகிய நிறுவனங்கள் இத்தகைய கருவிகளைச் செய்கின்றன. வெளி அலைகள் புகாத உலோகப் பெட்டிக்குள் கைப்பேசி வைக்கப்படும். சோதனைக்கென்றே உள்ள சிம் அட்டை அதில் இருக்கும். உலகமெங்கும் சோதனைக்காக ஒதுக்கப்பட்ட வலையமைப்பு எண் 001 01 என்பதாகும். கைப்பேசி அந்தப் போலிக் கோபுரத்தில் பதிவு செய்துகொண்டு, அதனிடமிருந்து ஓர் ஐ.பி. முகவரியையும் பெறுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உற்பத்தி வரிசையின் வேகமான மேஜைகள் பலவற்றில், வலையமைப்பே உண்டாக்காமல் கைப்பேசியின் வானொலிப் பகுதியை மட்டும் அளந்துவிடுவார்கள். அங்கே கைப்பேசிக்கு முகவரியே கிடையாது. அதை நோக்கிப் பிங் அனுப்பவும் இயலாது. மாதிரி எடுத்துச் சோதிக்கும் மேஜைகளிலும், பழுது ஆராயும் பிரிவிலும், வடிவமைப்புக் கூடத்திலுமே முழு இணைப்பு உண்டாக்கப்படுகிறது. ஆனால் மேஜை எதுவாயினும், அதிலுள்ள கணினி சோதனைக் கருவிக்குக் கட்டளை அனுப்புவது வழக்கமாக ஒரு லான் கேபிளின் வழியேதான். ஆகவே முழு இணைப்புள்ள மேஜையில் வலையமைப்புகள் இரண்டு. கணினிக்கும் கருவிக்கும் இடையே கம்பி வழி ஒன்று. கருவிக்கும் கைப்பேசிக்கும் இடையே அலை வழி மற்றொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தொல்லை விளைகிறது.

பிங் கேட்பது என்ன?

முதியவர்கள் பதில் கார்டு இணைத்த தபால் கார்டை நினைவில் வைத்திருப்பார்கள். பெறுகிறவர் மறுபாதியைக் கிழித்து அப்படியே திருப்பி அனுப்பினால் போதும். பிங் என்பது அத்தகைய கார்டுதான். ‘இதை உள்ளபடியே திருப்பி அனுப்புக’ என்று ஒரு சிறு தகவல் பொட்டலத்தை அனுப்பிவிட்டு, அது திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று கணக்கிடுகிறது. இந்த எதிரொலிச் செய்திக்கான விதி, 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட இணைய விதிமுறையில் வகுக்கப்பட்டது. அதைக் கொண்டு பிங் என்னும் நிரலை எழுதியவர் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்த மைக் மூஸ். 1983 டிசம்பரில், தம் கூடத்து வலையமைப்பு தொல்லை கொடுத்ததால், ஒரே மாலையில் அதை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ‘பிங்’ என்ற ஓசையே அதற்குப் பெயராயிற்று.

திரும்பி வரும் கார்டிலிருந்து நாம் அறிவது மூன்று செய்திகள். பதில் வந்ததா, யார் முகவரியிலிருந்து வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது என்பவை அவை. இவற்றுள் நடுவில் உள்ளதை யாரும் படிப்பதில்லை. அதனால் நேர்ந்த ஒன்றை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பெயர் சொல்ல வேண்டாத ஒரு தொழிற்சாலையில், ஒரு சோதனை மேஜை இரவு ஷிப்டு முழுவதும் ஒவ்வொரு கைப்பேசியையும் ‘தேறவில்லை’ என்றே தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளுபடித் தட்டு நிறைந்துவிட்டது. மேஜையில் இருந்த பெண் கைப்பேசியைச் சரியாகப் பொருத்தவில்லை என்று முதலில் பேச்சு எழுந்தது. பிறகு ஆன்டெனாக் கேபிளை மாற்றினார்கள், பயனில்லை. பராமரிப்புக்காரர் வந்து கணினியிலிருந்து கருவிக்குப் பிங் அனுப்பினார். கடைசி வரியில் ‘அனுப்பியவை 4, வந்தவை 4, இழந்தவை 0’ என்று இருந்தது. ‘வலையமைப்பு நன்றாக இருக்கிறது, கோளாறு கைப்பேசியில்தான்’ என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்தப் பெண் அஞ்சாமல் மேலுள்ள நான்கு வரிகளையும் படித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வரியிலும் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’, அதாவது நாடிய இடத்தை அடைய முடியவில்லை என்று இருந்தது. பதில் வந்த முகவரியோ கருவியினுடையது அன்று, அனுப்பிய கணினியினுடையதே! விண்டோஸ் கணினி இவ்விதமான மறுமொழியையும் ‘வந்த பதில்’ என்றே கணக்கில் சேர்த்துவிடும். கார்டு தன் வீட்டு வாசலிலேயே திரும்பியிருக்கிறது. தபால்காரர் அதை விநியோகம் ஆனதாக எழுதிக்கொண்டார்.

சில கருவிகளின் பின்புறத்தில் லான் துளைகள் ஒன்றுக்கு மேற்பட்டு உள்ளன. ஒன்று கணினியின் கட்டளைகளுக்கு. மற்றொன்று கைப்பேசியின் தரவு வெளியே செல்வதற்கு. அன்று மாலை மேஜையைத் துடைத்தவர் கேபிளைக் கழற்றித் துளை மாற்றிச் செருகிவிட்டிருந்தார். கட்டளை கருவிக்குப் போகவே இல்லை. சோதனை நிரலோ, ‘கருவி பேசவில்லை’ என்று சொல்லாமல், ‘கைப்பேசி தேறவில்லை’ என்று எழுதிக்கொண்டே இருந்தது. நிரல் எழுதியவர்களின் இந்தச் சோம்பலை நான் மன்னிக்கத் தயாராயில்லை. பழி வந்து விழுந்தது, மேஜையில் நின்ற, மாதச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பும் ஒரு பெண்ணின் தலைமேல் அல்லவா?

அருகிலிருந்து தொலைவுக்கு

பிங் செய்வதில் வரிசை முக்கியம். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் நாம் நேரே ஏரிக்கு ஓடுவதில்லை. மடையிலிருந்து மேல்நோக்கிப் பார்த்துச் செல்கிறோம். அவ்வாறே முதலில் 127.0.0.1 என்ற முகவரிக்குப் பிங் அனுப்ப வேண்டும். அது கணினி தனக்குத் தானே பேசிக்கொள்ளும் முகவரி. கேபிள் எதுவும் தேவையில்லை. அதற்கே பதில் இல்லையானால் வெளியே தேடுவது வீண். அடுத்து, கணினியின் சொந்த முகவரியைக் காண வேண்டும். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் சர்வரிடமிருந்து ஒன்றும் கிடைக்காமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கேபிளையும் ஸ்விட்சையும் பார்க்க வேண்டும். அதற்கடுத்துச் சோதனைக் கருவியின் முகவரி. ஒரே மேஜைக்குள் கம்பி வழியே பதில் வர ஒரு மில்லி விநாடிக்கு மேல் ஆகலாகாது. ஐந்து, பத்து என்று ஏறினால் இடையே ஏதோ இடறுகிறது. இவ்வளவும் சரியான பிறகே தொழிற்சாலையின் ரௌட்டரையும், முடிவுகளைச் சேமிக்கும் சர்வரையும் நாட வேண்டும்.

இனி அலை வழி. முழு இணைப்புள்ள மேஜைகளில், கருவியே கைப்பேசிக்குப் பிங் அனுப்பும் வசதி பெரும்பாலும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியானால் அதற்குள்ளேயே பிங் நிரல் இருக்கிறது, யு.எஸ்.பி. கேபிள் மூலம் கணினியிலிருந்து அதை இயக்கலாம். அப்போது கைப்பேசியின் வைஃபை அணைக்கப்பட்டிருத்தல் அவசியம். இல்லையேல் பொட்டலம் வைஃபை வழியாகப் போய்த் திரும்பிவிடும். நாம் சோதிக்க வந்த வழி சோதிக்கப்படாமலே தேறிவிடும். கைப்பேசி பெற்ற முகவரி பழைய வகையா, ஐ.பி. ஆறாம் பதிப்பைச் சேர்ந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வகை முகவரி மட்டுமே பெற்ற கைப்பேசி மற்ற வகையில் கேட்டால் வாய் திறவாது.

அலை வழியில் புதிதாக வருவோரைத் திகைக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. முதல் பிங்குக்கு நூறு, இருநூறு மில்லி விநாடி கூட ஆகும். இரண்டாவதிலிருந்து நேரம் சட்டென்று குறைந்து நிலைபெறும். இது கோளாறு அன்று. கைப்பேசி சும்மா இருக்கையில் பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கோபுரத்துடன் உள்ள வானொலி இணைப்பை விட்டுவிடுகிறது. முதல் பொட்டலம் வந்ததும் கோபுரம் அதைப் பெயர் சொல்லி அழைத்து எழுப்ப வேண்டியிருக்கிறது. இணைப்பு மீண்டும் உண்டாக வேண்டியிருக்கிறது. அந்தத் தாமதமே முதல் பிங்கில் தெரிவது. சராசரி காணும்போது முதல் பதிலைத் தனியே எழுதிவைத்துவிட்டு மற்றவற்றைக் கூட்ட வேண்டும். அவ்வாறு செய்யாமல் நல்ல கைப்பேசியைத் ‘தாமதம் மிகுதி’ என்று ஒதுக்குவது பொருள் நஷ்டம்.

எத்தனை பிங் அனுப்புவது? விண்டோஸ் கணினி தானாக நான்கோடு நிறுத்திக்கொள்ளும். நான்கு போதாது என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். நூறு பொட்டலங்களில் ஐந்து தொலைந்துபோகும் ஒரு பழுதான இணைப்பை எண்ணிக்கொள்வோம். அதில் நான்கு பொட்டலங்களும் தப்பிச் சென்று திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு 81. அதாவது பத்து முறை பார்த்தால் ஏறத்தாழ எட்டு முறை ‘பழுதில்லை’ என்று ஏமாறுவோம். நூறு பிங் அனுப்பினால் ஏமாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. விண்டோஸில் கட்டளையுடன் ஒரு சிறு கோடும் ஆங்கில ‘என்’ எழுத்தும் 100 என்ற எண்ணும் சேர்க்க வேண்டும். லினக்ஸில் ‘என்’ எழுத்துக்குப் பதில் ‘சி’ எழுத்து. நூறு பதிலுக்கு ஏறத்தாழ நூறு விநாடி ஆகும். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் அந்த இரண்டு நிமிஷத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தின் அளவும் கவனிக்கத்தக்கது. விண்டோஸ் அனுப்புவது 32 பைட் அளவுள்ள சிறு கார்டு. சிறியது போய்ப் பெரியது தங்கிவிடும் வழிகளும் உண்டு. சாதாரண லான் வழியில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட். அதில் தலைப்புக்கு 28 போக, உள்ளே வைக்கக்கூடியது 1,472. துண்டாக்கக் கூடாது என்ற குறிப்புடன் அந்த அளவில் ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது நல்லது. சிறிய பிங் தேறி, பெரிய பிங் அடிக்கடி தொலையுமானால் கேபிளின் முனையில் உள்ள செருகியைச் சந்தேகிக்கலாம். இதைப் பற்றி மைக் மூஸ் ஒரு வேடிக்கையான செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் ஒவ்வொரு பதிலுக்கும் கணினி உரக்க ஒலி எழுப்பும்படி செய்துவிட்டு, கட்டடம் முழுவதும் நடந்து கேபிள் முனைகளை ஒவ்வொன்றாக அசைத்தாராம். எந்த முனையை அசைத்தபோது ஒலி நின்றதோ அதுவே கோளாறு! லினக்ஸ் பிங்கில் ஒலி எழுப்பும் வசதி இன்றும் இருக்கிறது. ரேக்குகளின் பின்னே தலையை நுழைத்துக்கொண்டு திரையைப் பார்க்க முடியாதவர்களுக்கு இதைவிடச் சிறந்த உதவி இல்லை.

மௌனத்தின் பொருள்

பதில் வராவிட்டால் கருவி செத்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. சில சோதனைக் கருவிகளுக்குள் இருப்பது விண்டோஸ் கணினியே. அதன் பாதுகாப்புச் சுவர் பிங்கை உள்ளே விடாமல் தடுத்திருக்கக்கூடும். 1996-இல், அளவுக்கு மீறிய பிங் பொட்டலங்களை அனுப்பிக் கணினிகளை நிலைகுலையச் செய்யும் தந்திரம் ஒன்று வெளிப்பட்டது. அத்தகைய அனுபவங்களின் பின், பிங்குக்குக் கதவடைப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. இவ்விடத்தில் ஆர்ப் என்னும் கட்டளை கைகொடுக்கும். பிங் அனுப்பிய உடனே கணினியின் ஆர்ப் பட்டியலைப் பார்த்தால், அந்த ஐ.பி. முகவரிக்கு எதிரே கருவியின் பிறவி எண் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். பதிவாகியிருந்தால் கருவி கம்பியில் உயிரோடுதான் இருக்கிறது. வாய் மட்டும் கட்டப்பட்டிருக்கிறது.

பதில் வந்தாலும் எல்லாம் சரி என்று கொள்ளவும் இடமில்லை. கருவியின் வாசலில் காவலாள் பதில் சொல்லுகிறான் என்பது மட்டுமே அதற்குப் பொருள். உள்ளே கட்டளையை ஏற்கும் பகுதி உறங்கிக்கொண்டிருக்கலாம். ஒரே முகவரியை இரண்டு கருவிகளுக்குச் சூட்டிவிடுவதும் நடக்கிறது. புதிதாக வாங்கிய இரண்டு கருவிகள், ஆலையில் வைத்த ஒரே முகவரியோடு வந்து சேர்வதால் இது நேர்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே நம் கருவியின் கேபிளைக் கழற்றுங்கள். அப்போதும் பதில் வந்துகொண்டிருந்தால், பதில் சொல்வது வேறொருவர். கைப்பேசியின் அலைச் சைகை தூயதா, வலிமை போதுமா என்பதைப் பிங் சொல்லாது. அதற்குக் கருவியின் மற்ற அளவீடுகள் இருக்கின்றன.

தொழிற்சாலை வலையமைப்பில் அனுமதியின்றி முகவரி முகவரியாகப் பிங் அனுப்பித் துழாவுவதைப் பாதுகாப்புப் பிரிவினர் குற்றமாகவே கருதுவர். உங்கள் மேஜைக்கு உரிய முகவரிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள், அவற்றோடு நில்லுங்கள்.

ஊராட்சி அலுவலகத்தில்

பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணைப்பு அளிப்பதற்காக, 2018-இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. அத்தகைய இணைப்பு வந்துள்ள ஓர் அலுவலகத்தில், சான்றிதழுக்காக மக்கள் காத்திருக்கும்போது இணையம் நின்றுவிட்டால் என்ன செய்வது? ‘நெட் இல்லை, நாளை வாருங்கள்’ என்று சொல்வதற்கு முன், மேலே சொன்ன வரிசையை நடந்து பார்க்கலாம். தன் முகவரி, பிறகு அலுவலக ரௌட்டர், பிறகு வெளி முகவரி ஒன்று. ரௌட்டரே பதில் சொல்லாவிட்டால் கோளாறு நம் கட்டடத்துக்குள் இருக்கிறது. பெரும்பாலும் பிளக்கையோ கேபிளையோ சரிசெய்தால் தீரும். ரௌட்டர் பதில் சொல்லி வெளி முகவரி சொல்லாவிட்டால் கோளாறு பெரும்பாலும் ரௌட்டருக்கு அப்பால். சாலை வெட்டும்போதும் குழாய் பதிக்கும்போதும் இழை அறுபடுவதுண்டு. வெளி முகவரியை எண்ணால் கேட்டால் பதில் வந்து, பெயரால் கேட்டால் வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் சேவையே பழுது, இணைப்பு அறுபடவில்லை.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று கொண்டால், போய் வர அரை மில்லி விநாடி போதும்; ரௌட்டர்களில் தங்கும் நேரத்தைச் சேர்த்தாலும் சில மில்லி விநாடிக்குள் அடங்க வேண்டும். சிங்கப்பூரில் உள்ள சர்வரானால் கதை வேறு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய் வர 32 மில்லி விநாடிக்குக் குறைய அந்தக் கேபிளில் வழியே இல்லை. ஆகவே, சிங்கப்பூர் சர்வருக்கு 40 என்று வந்தால் குறைகூற ஒன்றுமில்லை. சென்னைச் சர்வருக்கே 40 என்று வந்தால், பொட்டலம் எங்கோ சுற்றிக்கொண்டு போகிறது அல்லது எங்கோ காத்துக்கிடக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

புகார் கொடுக்கும்போது ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் அக்காகிதம் கட்டில் சேர்ந்துவிடும். தேதி, மணி, எந்த முகவரிக்கு எத்தனை பிங் அனுப்பப்பட்டது, எத்தனை திரும்பிற்று, பதில் எந்த முகவரியிலிருந்து வந்தது, ரௌட்டர் பதில் சொல்லிற்றா என்பவற்றை எழுதுங்கள். இதே செய்திகளை ஷிப்டு மாறும்போது சோதனை மேஜையின் குறிப்பேட்டிலும் எழுதிவைத்தால், அடுத்து வருகிறவர் கேபிளை மாற்றுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிராது.